வடக்கு பார்த்து நிறுத்துங்கள்

கேப்டனம்மா விமானத்தைக் கடற்கரை மணலில் இறக்கிய மறுநாளே அவளுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்துவிட்டது: வழி தவறிய கேப்டன். தொலைக்காட்சிக்காரர்கள் வைத்த பெயர். பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "என்ன கேப்டனம்மா, வீட்டுக்குத் திரும்பிப் போக வழி தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். அவள் பால் பாக்கெட்டை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பதினேழு வருடமாக விமானம் ஓட்டுகிறவள். கடைசி சில வருடங்களாக இந்தக் கம்பெனியில். கம்பெனி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். மூன்று சின்ன விமானங்கள், ஒரு தகரக் கொட்டகை, ஒரு டிக்கெட் ஜன்னல், அவ்வளவுதான். ஓட்டுகிறவரோடு சேர்த்து நாலு பேர் உட்காரலாம். நிலத்தின் கோடியில், மூக்குப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் ஊர் அது. அங்கிருந்து தெற்கே நடுக்கடலில் இருக்கும் தீவுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும்தான் தொழில். தெற்கே போ, வடக்கே வா. இதில் வழி தவற என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவளும் அதையேதான் கேட்டாள், ஆனால் தன்னிடமே.

நடந்தது இதுதான். அன்று தீவிலிருந்து புறப்பட்டபோது பின் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பாதிக் கடல் தாண்டியதும் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. சற்று நேரத்தில் பேட்டரியும் தீர்ந்தது. வழி காட்டும் திரை அணைந்தது, ரேடியோ ஊமையானது. எஞ்சின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்த மின்சாரம் தேவையில்லை. அவள் பதறவில்லை. இந்த மாதிரி நேரத்துக்காகத்தானே முன் கண்ணாடிக்குக் கீழே, எலுமிச்சம்பழ அளவில், எண்ணெயில் மிதக்கிற காந்தத் திசைகாட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள்? அதற்கு மின்சாரமும் வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம்.

விமானத்துக்குள் இருக்கும் இரும்பும் கம்பிகளும் எந்தத் திசைகாட்டியையும் ஓரிரு டிகிரி இழுக்கத்தான் செய்யும். எந்தத் திசையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, ஒரு சின்ன அட்டையில் எழுதி, அதன் கீழேயே ஒட்டிவைப்பார்கள். வடக்கே போகும்போது இது காட்டுகிற எண்ணோடு ஒரு டிகிரி கூட்டிக்கொள் என்றது அட்டை. அடியில் போன மாதத் தேதி. பக்கத்தில் கையெழுத்து, அவளுடைய சொந்தத் தம்பியின் கையெழுத்து. அவன்தான் அந்தக் கம்பெனியின் பொறுப்பு மெக்கானிக். அந்த ஒரு டிகிரியையும் அவள் மறக்காமல் கூட்டினாள். கூட்டி, நூல் பிடித்தாற்போல் ஓட்டினாள்.

மேலேயும் மங்கல், கீழேயும் மங்கல். கணவன் தன் போனை முன்னால் நீட்டினான்.

"மேடம், இதுல மேப் இருக்கு."

மேப் இருந்தது. சிக்னல் இல்லாத கடலில் அது வெறும் நீலத் தாளாக விரிந்தது. கரை எந்தப் பக்கம் என்று அதற்கும் தெரியவில்லை.

கரை தெரிய வேண்டிய நேரம் வந்தது. கரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். அப்போது மங்கலுக்குள்ளிருந்து சூரியன் தலைகாட்டியது. சாயங்காலத்தில் வடக்கே போகிறவளுக்கு அது இடது தோளுக்கு நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. இடது காதுக்குப் பின்னால் நின்றது. அவள் திசைகாட்டியைப் பார்த்தாள். அது சத்தியம் பண்ணுகிற மாதிரி வடக்கு என்றது. மறுபடி சூரியனைப் பார்த்தாள். தம்பி கையெழுத்துப் போட்ட அட்டையா, வானமா? வலது பக்கம் விலகியிருந்தால் அந்த மூக்கு முனையைக் கோட்டைவிட்டாயிற்று என்று பொருள். அதற்கு அப்பால் எரிபொருள் தீரும்வரை கடல்தான்.

இடது பக்கம் திருப்பினாள். எரிபொருள் தீரப்போகிற நேரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கடல் உள்வாங்கியிருந்ததால் ஈரமணல் தார்ச்சாலை மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் இறக்கினாள். முன் சக்கரம் வளைந்தது. மனிதர்களுக்கு ஒரு கீறல் இல்லை. அந்த மனைவி இறங்கியதும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, மைக்கைப் பார்த்ததும் சொன்னாள்: "நேராத்தான் போய்க்கிட்டிருந்தாங்க. திடீர்னு லெஃப்ட்ல திருப்பிட்டாங்க. வழி தெரியாம சுத்தினாங்க."

உயிரைக் காப்பாற்றிய திருப்பம் அதுதான். அதையே குற்றமாக எழுதினார்கள்.

கம்பெனியை நடத்துவது முதலாளியின் மருமகன். துப்புரவு செய்கிறவர் முதல் டிக்கெட் கொடுக்கிற பெண் வரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே எப்போதும் இஸ்திரி கலையாமல் இருப்பார். அவர் கேப்டனம்மாவைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே பேசினார்.

"மேடம், ஜெனரேட்டர் போனது உங்க தப்பு இல்ல. அதுக்கு நாங்க உங்களக் குறை சொல்லல. ஆனா ஒரு கோடு, நேர்கோடு. அதக்கூடப் பிடிக்க முடியலன்னா எப்படி?"

"நான் கோட்டத்தான் பிடிச்சேன் சார். காம்பஸ் தப்பு."

"காம்பஸ் தப்பா?" அவர் சிரித்தார். "சக்கரத்தையும் ஜெனரேட்டரையும் சரி பண்ணி நம்ம இன்னொரு பைலட் அதே விமானத்தத்தானே ஓட்டிக்கிட்டு வந்தாரு? அவர் ஒண்ணும் சொல்லலியே."

"அவர் திரையப் பார்த்து ஓட்டிக்கிட்டு வந்தாரு."

"ஆடத் தெரியாதவ கூடம்..." என்று என்னவோ ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "விசாரணை முடியிற வரைக்கும் நீங்க ரெஸ்ட் எடுங்க. கேட்ல பாஸக் குடுத்துட்டுப் போயிடுங்க."

கேட்டில் பாஸைக் கொடுத்தபோது காவலாளி அதைக் கையில் வாங்கத் தயங்கி, மேசையில் வைக்கச் சொல்லி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். விமானத்தின் அருகே போய்ப் பார்க்கவும் இனி வழியில்லை. ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டவும் விடாவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

அவளும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழே அவள், மாடியில் அவர்கள். சமையல் ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தம்பி மனைவி பேச்சை மாற்றுவதற்காக என்னவோ சொல்லிக்கொண்டு வந்தவள், "கண்ணு எப்படி இருக்குங்க இப்ப? சொட்டு மருந்து தீர்ந்துபோச்சே" என்று புருஷனைக் கேட்டாள்.

"கண்ணுக்கு என்ன?" என்றாள் கேப்டனம்மா.

"போன மாசம் நீங்க லீவுல போயிருந்தீங்கல்ல அண்ணி, அப்ப ரெண்டு நாள் கண்ணு கோவைப்பழமா வந்து நின்னாரு. வெல்டிங் வெளிச்சம் பட்டுதாம். கண்ணாடி போடுங்கன்னு சொன்னா யாரு கேக்குறா?"

கேப்டனம்மாவின் கை தட்டிலேயே நின்றது.

"எதுல வெல்டிங் பண்ணின?"

"சின்ன வேலைக்கா." தம்பி சோற்றைப் பிசைந்தான். "டேஷ்போர்டுக்குப் பின்னாடி குறுக்குக் குழாயில ஒரு விரிசல்."

"எந்த விமானத்துல?"

அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். எந்த விமானம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குறுக்குக் குழாய் இரும்பு. திசைகாட்டிக்கு ஒரு சாண் கீழே, இடமிருந்து வலமாகப் படுத்திருக்கிறது. மின்சார வெல்டிங் பட்டால் இரும்புக் குழாயே காந்தமாகிவிடலாம் என்பது தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். அதனால்தான் அந்த மாதிரி வேலை முடிந்ததும் விமானத்தைத் திசை வட்டத்தில் நிறுத்தி, சுற்றுமுற்றும் திருப்பி, திசைகாட்டியைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

"அதுக்கப்புறம் வட்டத்துல வெச்சுச் சுத்தினியா?"

"சுத்தாமலா அட்டை ஒட்டுவேன்?"

"எல்லாத் திசையிலயும்?"

"செஞ்சாச்சுக்கா. சாப்பிடு."

அவன் மேலும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை மனைவியிடம் நீட்டினான். அவள் கரண்டியை எடுக்கவில்லை. அண்ணியின் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கேப்டனம்மா விமானத் துறை அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை அதிகாரிக்கு நல்ல ஜலதோஷம். பேசுவதைவிடத் தும்மியதுதான் அதிகம்.

"உங்க கம்பெனியில காம்பஸ ஏற்கெனவே சரிபாத்துட்டாங்களே. ரன்வே மேல நிறுத்திப் பார்த்து எழுதி அனுப்பியிருக்காங்க."

"சார், ரன்வே கிழக்கு மேற்கா ஓடுது. தீவு ரன்வேயும் அப்படித்தான். அதனாலதான் கிளம்பும்போது யாருக்கும் தப்பு தெரியல. நான் பறந்தது வடக்க. வடக்கு பார்த்து நிறுத்தச் சொல்லுங்க."

"கிழக்குல சரியா இருக்கிறது வடக்குல தப்பா இருக்குமா?"

"சட்டைக்கு முன்னாடி கறை இல்லன்னா முதுகுலயும் இல்லன்னு ஆயிடுமா சார்?"

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து விளக்கினாள். வெல்டிங் பட்ட குழாய் இப்படிக் குறுக்கே கிடக்கிறது. விமானம் கிழக்கே பார்த்து நின்றால் அந்தக் குழாய் தெற்கு வடக்காகக் கிடக்கும், முள்ளும் அதே வாக்கில்தான் நிற்கும், இழுபறி இல்லை. மூக்கை வடக்கே திருப்பினால் குழாய் முள்ளுக்குக் குறுக்கே வந்துவிடும். அப்போதுதான் அது தன் வேலையைக் காட்டும்.

"போகும்போது நீங்க தெற்க போனீங்கல்ல? அப்பவே தப்பு தெரிஞ்சிருக்கணுமே."

கேள்வி நியாயமானது. அவள் மழுப்பவில்லை. "போகும்போது திரையத்தான் பார்த்தேன். காம்பஸ ஒப்பிட்டுப் பார்க்கல. அது என் தப்பு, எழுதிக்குங்க. ஆனா என் தப்ப மட்டும் எழுதாதீங்க."

அவர் தும்மினார். பிறகு, "வியாழக்கிழமை வாரேன்" என்றார்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை இளநீல நிறச் சட்டையில் வந்திருந்தார். முதலில் தன் பங்குக்கு ரன்வேயிலேயே ஒரு தடவை நிறுத்திக் காட்டினார். "பாருங்க சார். ஒரு மயிரிழை தப்பு உண்டா?" உண்மைதான், இல்லை. "இதுக்கு மேல வட்டத்துக்கு வேற போகணுமா? எரிபொருள் என்ன சும்மாவா வருது?"

"போகணும்" என்றாள் கேப்டனம்மா.

"நான் சார்கிட்ட கேக்குறேன் மேடம்."

"நானும் சாருக்காகத்தான் பதில் சொல்றேன்."

அதிகாரி வட்டத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

திசை வட்டம் மைதானத்தின் கடைசியில், கொட்டகையின் தகரமோ வேலிக் கம்பியோ எட்டாத தூரத்தில் இருந்தது. சிமெண்டுத் தரையில் வெள்ளைச் சாயத்தில் பெரிய வட்டம், அதற்குள் எல்லாத் திசைகளுக்கும் கோடுகள். விமானத்தை அதன் மேல் கொண்டுவந்து, எஞ்சினை ஓடவிட்டு, திரை, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக மூக்கைத் திருப்ப வேண்டும். வெளியே ஒருவர் கைத் திசைகாட்டியால் விமானத்தின் முதுகுக் கோட்டைக் குறிபார்ப்பார். உள்ளே ஒருவர் விமானத்தின் திசைகாட்டி காட்டுவதைப் படிப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. கிழக்கு என்றால் தொண்ணூறு காட்ட வேண்டும், வடக்கு என்றால் முந்நூற்று அறுபது.

உள்ளே யார் உட்காருவது என்பதில் சண்டை வந்தது. கேப்டனம்மா உட்காரக் கூடாது, வழக்கே அவள் மேல்தான். மாப்பிள்ளையும் உட்காரக் கூடாது. "மெக்கானிக் உக்காரட்டும்" என்றார் மாப்பிள்ளை, தாராள மனதோடு. "மேடத்தோட சொந்தத் தம்பி. அவங்களுக்கு ஆட்சேபணை இருக்காதே?"

அவன் தன் சம்பளத்தில் இருக்கிறவன் என்ற தைரியம் அவருக்கு. ஒரு வயிற்றில் பிறந்தவன் என்ற நம்பிக்கை அவளுக்கு, கொஞ்சம் அடிபட்டிருந்தாலும். "உக்காரட்டும்" என்றாள்.

தம்பி ஏறினான். அக்காவைப் பார்க்காமல் ஏறினான். அதிகாரி ஒரு வாக்கி டாக்கியை அவனிடம் கொடுத்து, இன்னொன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார். எஞ்சின் கிளம்பியது. காற்றில் எல்லோருடைய சட்டையும் படபடத்தது.

"கிழக்கு" என்றார் அதிகாரி, குறிபார்த்துவிட்டு.

"தொண்ணூறு" என்றது தம்பியின் குரல்.

மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டினார்.

விமானம் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. மூக்கு வடக்குக் கோட்டின் மேல் வந்து நின்றது. அதிகாரி ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தார், இரண்டடி நகர்ந்து மறுபடி பார்த்தார். "வடக்கு. சரியா வடக்கு. படிங்க."

எஞ்சின் சத்தம் மட்டும்.

"மெக்கானிக், கேக்குதா?"

"கேக்குது சார்." ஒரு இடைவெளி. "முந்நூத்தி அம்பத்தொம்பது."

ஒரே ஒரு டிகிரி குறைவு. அட்டையில் எழுதியிருந்தது போலவே. அதிகாரி எழுதத் தொடங்கினார். மாப்பிள்ளையின் முகத்தில் பல் தெரிந்தது. கேப்டனம்மா தம்பியின் குரலைக் கவனித்தாள். முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய குரல் அது. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, நான் இல்ல, அதுவே விழுந்துடுச்சு என்று சொல்லும்போது எப்படி இறங்குமோ அப்படியே இறங்கியிருந்தது. டம்ளர் உடைந்தால் போகட்டும். இங்கே மூன்று உயிர் உடைந்திருக்கும்.

அவள் இரண்டு எட்டில் போய் அதிகாரியின் கையிலிருந்த வாக்கி டாக்கியை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினாள்.

"தம்பி, அக்கா பேசுறேன். திருப்பிப் படி."

"சார், சாட்சிய மிரட்டுறாங்க சார்!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"படிடா. உன் கண்ணு முன்னாடி என்ன இருக்கோ அதப் படி. எனக்காகப் படிக்க வேண்டாம். நாளைக்கு இதுல ஏறப்போறவங்களுக்காகப் படி."

முன் கண்ணாடி வழியே அவன் தலை தெரிந்தது. குனிந்திருந்தது. நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. அதிகாரி தும்மவும் மறந்து நின்றார்.

"முந்நூத்தி..." குரல் உடைந்தது. "முந்நூத்தி நாப்பத்திரெண்டு."

அதிகாரி எழுதியதை அடித்தார். விமானத்தின் பின்பக்கமாகச் சுற்றிப்போய், தானே கதவைத் திறந்து, உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். திரும்பி வரும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். இரைச்சல் அடங்கியதும் அவர் சாதாரணமாகப் பேசியதே எல்லோருக்கும் கத்துகிற மாதிரி கேட்டது.

"பதினெட்டு டிகிரி. காம்பஸ் வடக்குன்னு சொல்றத நம்பி ஓட்டினா, பதினெட்டு டிகிரி வலப்பக்கம் போயிருப்பாங்க. அந்தம்மா சொன்னதுதான் கணக்கு." மாப்பிள்ளையிடம் திரும்பினார். "வெல்டிங்குக்கு அப்புறம் இது இந்த வட்டத்துக்கே வரல, இல்லையா?"

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. "மெக்கானிக்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. எனக்கு என்ன தெரியும் சார்?"

தம்பி இறங்கி வந்தான். "ஸீஸன் நேரம், ஒரு நாள்கூட நிறுத்த முடியாது, பழைய அட்டையையே பார்த்து எழுதிடுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றான். அதைச் சொல்லும்போதும் அவன் அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

"நான் சொன்னா நீ கெணத்துல குதிப்பியா?" என்றார் மாப்பிள்ளை.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேப்டனம்மாவுக்கு மாப்பிள்ளையோடு கருத்து வேற்றுமை இல்லை.

மூன்று விமானங்களும் தரையில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றையும் வட்டத்தில் வைத்து எல்லாத் திசையிலும் பார்க்கிறவரை பறக்கக் கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டார். தம்பியின் உரிமத்தை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளைக்குத் தனி விசாரணை என்றார். அவர் போனதும் மாப்பிள்ளை கேப்டனம்மாவைக் கொட்டகைக்குள் அழைத்து, இந்த முறை தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு மேடம். சஸ்பென்ஷன் ரத்து. மாமாகிட்ட நானே பேசிட்டேன். எல்லாம் சரியானதும் நீங்கதான் முதல் ஃப்ளைட்."

அவள் உட்காரவில்லை. "டிவிக்காரங்கள எப்பக் கூப்பிடப் போறீங்க?"

"எதுக்கு?"

"நான் வழி தவறலன்னு சொல்றதுக்கு."

"ஏன் மேடம் மறுபடி கிளறிக்கிட்டு? ஜனங்க ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"மறக்கிறது அவங்க வேலை. சொல்றது உங்க வேலை. என்னக் கடைத்தெருவுல நாலு பேர் சிரிக்கிற மாதிரி பண்ணினப்ப நீங்க கிளறலியா? பேட்டி குடுத்தீங்களே, 'பெண்களுக்கு வாய்ப்புக் குடுக்கணும்னு நினைச்சோம், என்ன பண்றது'ன்னு? அந்த வாயாலேயே சொல்லுங்க. வெல்டிங் பண்ணினோம், சோதிக்கல, பொய் அட்டை ஒட்டினோம், அந்தப் பொய்யையும் மீறி அந்தம்மா ரெண்டு பேர உயிரோட கொண்டுவந்து சேர்த்தாங்கன்னு சொல்லுங்க. சொன்னப்புறம் என்னக் கூப்பிடுங்க. வரலாமா வேண்டாமான்னு நான் யோசிக்கிறேன்."

"ரொம்பக் கோபத்துல இருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை, ஏதோ காய்ச்சலைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

"ஆமா" என்றாள் கேப்டனம்மா. "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருப்பேன்."

வீட்டுக்கு அவள் முதலில் வந்து சேர்ந்தாள். தம்பி வெகுநேரம் கழித்து வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றான். அவன் மனைவிக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

"அன்னிக்கு அண்ணிக்குச் சோறு இறங்கல. நீங்க இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்ட நீட்டுனீங்க. அந்தத் தட்டுல இனி நான் எப்படிச் சோறு போடுவேன்?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்றான் அவன். அப்புறம் அக்காவிடம் திரும்பினான். அன்றைக்கு முதல் தடவையாக. "அக்கா, உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் உயிரோடவே இருந்திருக்க மாட்டேன். சத்தியமா."

"தெரியும்" என்றாள் அவள். குரல் உயரவில்லை, அதனாலேயே அவன் பின்வாங்கினான். "நான் செத்திருந்தா நீ தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருப்ப. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. என் போட்டோவுக்கு மாலை போட்டு, கூடத்துல மாட்டி, வரவங்ககிட்டல்லாம் எங்கக்கா மாதிரி உண்டான்னு சொல்லியிருப்ப. ஆனா நான் உயிரோட வந்துட்டேன். அதுதான் உனக்குக் கஷ்டமாப் போச்சு. உயிரோட இருக்கிற அக்காவுக்காக ஒரு நம்பர உண்மையாப் படிக்க உனக்கு நாக்கு வரல."

"கடைசில படிச்சேனே."

"கடைசில. நான் பிடுங்கிக் கேட்டப்புறம்."

அவன் மாடிப்படி ஏறிப்போனான். தம்பி மனைவி அவன் பின்னால் போகவில்லை. கீழேயே, அண்ணியின் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

தொலைக்காட்சியில் மாப்பிள்ளை வந்தார். முழுவதையும் சொல்லவில்லை. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மென்று விழுங்கினார். ஆனால் அதிகாரி எழுதிய அறிக்கையை ஒரு செய்தித்தாள் முழுசாகப் போட்டது, பதினெட்டு டிகிரி என்ற எண்ணோடு. அதைப் படித்துவிட்டு அந்தப் பயணி மனைவி போன் செய்தாள். அழுதாள். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க என்றாள். கேப்டனம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதையும் மைக் முன்னாடி சொல்லியிருக்கலாமேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். பால் கடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் வேறு கடைக்கு மாறிக்கொண்டாள்.

அந்தக் காந்தமேறிய குழாயை அறுத்தெடுத்துப் புதுக் குழாய் போட்டார்கள். புது மெக்கானிக் ஒருவர் வந்தார், ஐம்பது வயதுப் பெண்மணி, எதையும் இரண்டு தடவை கேட்கிறவர். விமானம் மறுபடி வட்டத்தில் ஏறியபோது உள்ளே உட்கார்ந்து படித்தது கேப்டனம்மா. வேலைக்குத் திரும்ப அவள் போட்ட நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. இனி அவள் ஓட்டுகிற விமானத்தை அவள் கண்ணாலேயே பார்ப்பாள். வடக்கில் மூன்று டிகிரி பிழை இருந்தது. மெக்கானிக் பித்தளைத் திருப்புளியால் திசைகாட்டியின் பக்கத்துத் திருகைக் கடுகளவு கடுகளவாகத் திருப்பினார். முள் அசைந்து, தயங்கி, தன் இடத்துக்கு வந்து நின்றது. தெற்கு, மேற்கு, இடையில் இருக்கிற மூலைகள் எல்லாம் பார்த்து முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. யாரும் எரிபொருளைப் பற்றிப் பேசவில்லை.

தம்பி இப்போது ஒரு பம்பு செட் பட்டறையில் வேலை பார்க்கிறான். உரிமம் திரும்பக் கிடைக்க இன்னும் பரீட்சை எழுத வேண்டும், அதற்குப் படிக்கிறான் என்று அவன் மனைவி சொல்கிறாள். வீடு அதேதான், சமையலும் ஒன்றுதான். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது என்று அக்காவும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். அவன் அக்கா என்று கூப்பிட்டால் அவள் "என்ன?" என்று கேட்கிறாள். முன்பெல்லாம் "என்னடா?" என்பாள். அந்த ஓர் எழுத்து இன்னும் அவள் வாயில் வரவில்லை. அவனும் ஒவ்வொரு தடவை கூப்பிட்டுவிட்டும் அதற்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறான்.